57ஆம் நம்பர் பஸ்ஸில் இரண்டு மகள்மாரும் ஒரு கட்டு முருங்கைக்காயும்

லண்டனில் 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பஸ்ஸில் காசு இல்லை. கார்டும் தேவையில்லை. அப்பா கார்டைத் தட்டிவிட்டு ஏறினால் பின்னால் வால் மாதிரி வருகிறவர்கள் சும்மா ஏறலாம். இந்த நகரத்தில் பிள்ளை வளர்க்கிற எங்களுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் காசு. நீச்சலுக்குக் காசு, பரதநாட்டியத்துக்குக் காசு, வகுப்பில் ஆரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்குகிற ஸ்லைம் பெட்டிக்கும் காசு. ஒன்பது வயதும் ஆறு வயதுமான இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் இருத்தி வைக்கக்கூடிய, அதுக்குக் காசு கேட்காத ஒரே இடம் பஸ்ஸின் மேல்தட்டு.

எங்கள் வீட்டில் பஸ் என்றால் அது 57தான். கிளப்பம் பார்க்கில் தொடங்கி, ஸ்ட்ரெத்தம், டூட்டிங், கொலியர்ஸ் வூட், மேர்ட்டன், விம்பிள்டன், ரெய்ன்ஸ் பார்க், நோர்பிட்டன் என்று தென்மேற்கு லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிங்ஸ்டன் வரை போகும். தமிழ்க் கடை, கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், ரியூஷன், மாமி வீடு, மச்சாள் வீடு என்று எங்கள் ஆட்களின் வாழ்க்கையில் பாதி இந்தப் பாதையிலோ அதற்குப் பக்கத்திலோதான் கிடக்கிறது. சனிக்கிழமை கீழ்த்தட்டில் நின்றால் "தம்பி, உங்கட அப்பா எந்த ஊர்?" என்று ஒரு ஆளாவது கேட்காமல் விடமாட்டார்.

எங்கள் சனிக்கிழமை இப்படி. காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம். மத்தியானம் நோர்பிட்டனில் அம்மம்மா வீட்டில் சாப்பாடு. மனுசிக்கு சனிக்கிழமையும் வேலை, காரும் அவவோடு போய்விடும். ஆகவே டூட்டிங் பிரோட்வேயில் நானும் பிள்ளைகளும் 57 பிடிப்போம். சுற்றுலாப் பயணிகள் யாரும் ஏறாத பஸ் இது. பிக் பென் வராது, டவர் பிரிட்ஜ் வராது. ஆனால் பிள்ளைகளோடு லண்டன் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஏன் என்று ஒவ்வொரு தரிப்பாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டதிட்டம்

மேல்தட்டின் முன் வரிசையில் இடப்பக்கம் இரண்டு சீட், வலப்பக்கம் இரண்டு சீட். இடப்பக்க யன்னல் சீட்தான் அரியாசனம். கடைகள், நாய்கள், தரிப்பில் நிற்கிற ஆட்களின் தலைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் தெரியும். அதுக்காக நடந்த சண்டைகளுக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் எழுதினோம். விம்பிள்டன் ஸ்டேஷன் வரை மூத்தவளுக்கு, அங்கிருந்து இளையவளுக்கு. பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் 57ஆம் ஆண்டு எழுதிய ஒப்பந்தம் 58இல் கிழிந்தது என்று படித்து வளர்ந்த எனக்கு, இந்த 57 ஒப்பந்தம் இரண்டு வருடமாகக் கிழியாமல் இருப்பது பெரிய ஆச்சரியம்.

இரண்டாவது சட்டம் மொழி பற்றியது. கேள்வி எந்த மொழியிலும் வரலாம், பதில் தமிழில்தான் வரும். "தமிழில கேளுங்கோ" என்று சொன்னால் பிள்ளைகள் கேள்வி கேட்பதையே விட்டுவிடுவார்கள். அது எனக்கு வேண்டாம். வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் சொல்ல ஒரு ஐபேட் இருக்கிறது. பஸ்ஸில் நான் மட்டும்தான். பதில் வேண்டுமென்றால் என் தமிழைத்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சட்டத்தால் எனக்கும் கஷ்டம்தான். நான் வளர்ந்ததும் இந்த ஊரில்தானே. என் தமிழில் சமையலறைச் சொல் எல்லாம் இருக்கும், கோயில் சொல் இருக்கும், ஏச்சுச் சொல் தாராளமாக இருக்கும். அதைத் தாண்டினால் மாமிக்குப் போன் எடுக்க வேண்டும்.

டூட்டிங் பிரோட்வே

டூட்டிங் பிரோட்வே ஸ்டேஷன் 1926இல் திறந்தது. சார்ள்ஸ் ஹோல்டன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அதன் வாசலில் ஏழாம் எட்வர்ட் அரசரின் சிலை ஒன்று, ஸ்டேஷனைவிடப் பழையது, நிற்கிறது. அங்கே ஆரையாவது சந்திப்பதென்றால் எங்கள் ஆட்கள் "சிலையடியில நில்லுங்கோ" என்றுதான் சொல்வார்கள். ஆர் அந்தச் சிலை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆறு வயதுக்காரி கேட்டாள்.

"ஏன் அந்தத் தாத்தா உள்ள போகாம வெளியில நிக்கிறார்?"

"அவரிட்ட ஒயிஸ்டர் கார்ட் இல்லை," என்றாள் மூத்தவள்.

அரசராக வருவதற்கு முன், 1875இல், இளவரசராக இவர் இலங்கைக்கு வந்தவர் என்று சொன்னேன். கொழும்பு, கண்டி எல்லாம் பார்த்துவிட்டு, கப்பலில் தூத்துக்குடி போய், மதுரை, திருச்சி வழியாக மெட்ராஸ் போனார் என்றும் சொன்னேன். இளையவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அம்மம்மாட ஊருக்கு வரேல்லையா?" இல்லை என்றேன். அன்றிலிருந்து அவருக்கு டாட்டா காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

பஸ் ஏறுவதற்கு முன் கடை. மாமி வெள்ளிக்கிழமை இரவே போனில் பட்டியல் சொல்லிவிடுவா. கிங்ஸ்டன் பக்கமும் தமிழ்க் கடை இல்லாமல் இல்லை. ஆனாலும் முருங்கைக்காய் டூட்டிங்கில்தான் வாங்க வேண்டும். அதில் மாமிக்கு இரண்டாவது பேச்சே இல்லை. லண்டன் பஸ்ஸின் படிகள் முருங்கைக்காயை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு கையில் இளையவள், ஒரு கையில் கட்டு. திரும்புகிற நேரம் பின்னால் வருகிறவரின் மூக்கடியில் நுனி நிற்கும். மேலே வந்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாள் கிடைத்துவிடும். மாமி கறி வைக்கும்போது "இதென்ன தம்பி, கடையில நல்லதாப் பார்த்து எடுக்கேல்லையா, எல்லாம் நெரிஞ்சு கிடக்கு" என்பா. நான் பேசாமல் இருப்பேன்.

பஸ் வெளிக்கிட்டதும் அந்தப் பெண் குரல் தரிப்புகளின் பெயரைச் சொல்லத் தொடங்கும். இளையவள் கூடவே தமிழில் மொழிபெயர்ப்பாள். அவளுக்கு மிகப் பிடித்தது, பஸ் போகிற இடம் இடையில் மாறிவிட்டது என்கிற அந்த அறிவித்தல். எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிற செய்தி, அவளுக்குக் கொண்டாட்டம். இப்போது வீட்டில் இரவு எட்டு மணிக்குப் படுக்கச் சொன்னால், படியில் நின்று அதே குரலில் அறிவிக்கிறாள்: "இந்த பஸ் போற இடம் மாறிப் போச்சு. இது இனி படுக்கைக்குப் போகாது."

கொலியர்ஸ் வூட், மேர்ட்டன்

கொலியர்ஸ் வூட் என்ற பெயரில் இருக்கிற 'கொலியர்' நிலக்கரிக்காரர் இல்லை. மரத்தை எரித்துக் கரி எடுக்கிறவர்கள். ஒரு காலத்தில் காடாக இருந்த இடம். இப்போது ஒரு உயரமான கோபுரக் கட்டடம்தான் அடையாளம். லண்டனிலேயே அவலட்சணமான கட்டடம் என்று பெயர் எடுத்துப் பல வருடம் நின்றது. பிறகு அதற்குப் புது மேல்தோல் போட்டு வீடுகள் ஆக்கிவிட்டார்கள். கரி எடுக்கிறவர்களுக்குத் தமிழில் என்ன சொல் என்று மூத்தவள் கேட்க, மாமிக்குப் போன் எடுத்தேன். "ஊரில கரி சுடுறவை எண்டு சொல்லுவம். அது கிடக்கட்டும், எங்க நிக்கிறியள் இப்ப? சோறு ஆறுது."

அடுத்தது மேர்ட்டன். வொண்டில் ஆறு ரோட்டுக்குக் கீழால் ஓடுகிறது. ஆறு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், வாய்க்கால் அளவுதான். ஆனால் அதன் கரையில் நடந்த கதைகள் கொஞ்சமல்ல. இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டும் கார் பார்க்கும் இருக்கிற இடத்தில் 1117இலிருந்து ஒரு பெரிய மடாலயம் இருந்தது. பின்னாளில் கான்டர்பரி பேராயராக வந்து கொல்லப்பட்ட தோமஸ் பெக்கெட் சின்ன வயதில் அங்கேதான் படித்தார். 1538இல் எட்டாம் ஹென்றி அதை இடித்தார். இடித்த கல்லை வண்டி வண்டியாக ஏற்றிப் போய், சில மைல் தள்ளித் தனக்கு ஒரு மாளிகை கட்டினார். அதைப் போல் வேறு ஒன்று இல்லை என்ற கருத்தில் அதற்கு 'நொன்சச்' என்று பெயர் வைத்தார். 150 வருடத்துக்குள் அதுவும் இடிந்து, கல் கல்லாக விற்றுப் போனது.

நொன்சச் என்றதும் இதை வாசிக்கிற தமிழ் அப்பா அம்மாமார் நிமிர்ந்து இருந்திருப்பீர்கள். ஓம், அந்தப் பெயர்தான். சீம் பக்கத்தில், எங்கள் ஆட்கள் பரீட்சைக்கு நேர்த்திக்கடன் வைக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெயர். அந்தக் கதைக்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

அதே ஆற்றங்கரைக்கு 1881இல் வில்லியம் மொரிஸ் தன் துணிப் பட்டறையைக் கொண்டுவந்தார். கவிஞர், ஓவியர், சோசலிசவாதி, துணிக்குச் சாயம் போடுகிறவர், எல்லாம் ஒரே ஆள். வொண்டில் தண்ணீர் சாயத்துக்கு நல்லது என்று கண்டு இங்கே வந்தார். அவர் விரும்பியது நீலம், அதுவும் செடியில் இருந்து எடுக்கிற நீலம். அந்தச் செடிக்குத் தமிழில் 'அவுரி' என்று மாமிதான் சொல்லித் தந்தா. தன் தோட்டத்தில் ஸ்ட்ரோபெரி களவெடுத்த குருவிகளைப் பார்த்து அவர் வரைந்த 1883ஆம் ஆண்டுத் துணி வடிவம் இன்றைக்கும் தேநீர்க் கோப்பையில் இருந்து கைப்பை வரை விற்பனையில் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயரே 'ஸ்ட்ரோபெரிக் கள்ளன்'. பிள்ளைகளுக்குப் பேராயர் கொலையைவிட இது பிடித்துக்கொண்டது. மாமி வீட்டில் கடைசி ரோல்ஸை எடுக்கிற ஆளுக்கு இப்போது 'ரோல்ஸ் கள்ளன்' என்று பெயர். அது பெரும்பாலும் நான்தான்.

மொரிஸுக்கும் இரண்டு மகள்மார், ஜெனியும் மேயும். சின்னவ மே, 1885இல், 23 வயதில், தகப்பனின் கம்பனியில் தையல் வேலைப்பாட்டுப் பகுதியைப் பொறுப்பெடுத்து நடத்தினவ. "சின்னவவோ?" என்று இளையவள் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

சவுத் விம்பிள்டன் கிட்ட வந்ததும் இரண்டு பேரும் வாளைக் கீழே வைப்பார்கள். பாதையில் இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, எஃப்ரா ரோட்டில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில். 1981இல் இருந்து இருக்கிறது. என் வயது ஆட்களுக்குச் சின்ன வயதில் சனிக்கிழமை என்றால் அந்தக் கோயில் மணியும் சுண்டலும்தான். பஸ்ஸில் இருந்து கோயில் தெரியாது. அதனால் என்ன, திசை தெரிகிறதே. இளையவள் சீட்டில் இருந்தபடியே நெற்றியில் குட்டிக் கும்பிடுவாள். பக்கத்து வரிசையில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர், பிள்ளைக்குத் தலையிடி என்று நினைத்து என்னைப் பார்ப்பார்.

வோர்ப்பிள் ரோட்

விம்பிள்டன் ஸ்டேஷனில் ஆசனம் மாறும். மாறி முடிந்து இளையவள் வசதியாக இருக்கும்போது பஸ் வோர்ப்பிள் ரோட்டுக்குள் போகும். எனக்கு இந்தப் பாதையில் மிகப் பிடித்த இடம் இது. பார்க்க ஒன்றும் இல்லை. வீடுகள், மரங்கள், பல் வைத்தியர் போர்ட்டுகள். ஆனால் விம்பிள்டன் டென்னிஸ் தொடங்கியது இந்த ரோட்டில்தான். 1877இல் முதல் போட்டி நடந்தது இங்கே, ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிற திடலில். 1922இல்தான் இப்போதைய இடத்துக்குப் போனார்கள். பழைய திடல் இப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மைதானம்.

முதல் ஏழு வருடம் பெண்களுக்குப் போட்டி இல்லை. 1884இல்தான் முதல்முறை. 13 பேர் விளையாட வந்தார்கள். இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு பேர் ஆர் தெரியுமோ? அக்காவும் தங்கச்சியும். லிலியன் வொட்சன், மோட் வொட்சன். தகப்பன் ஒரு பாதிரியார், கணித அறிஞரும்கூட.

இதைச் சொன்ன நாளில் பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. முருங்கைக்காய் இரண்டும் அப்படியே நின்றன.

"ஆர் வெண்டது?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில், தமிழில்.

முதல் ஆட்டம் அக்காவுக்கு, 8க்கு 6. அடுத்த இரண்டும் தங்கச்சிக்கு, 6க்கு 3, 6க்கு 3. மோட் வென்றா. அவவுக்கு வயது 19, அக்காவுக்கு 26. பரிசு ஒரு வெள்ளிப் பூக்கூடை.

இளையவள் எழும்பி நின்று ஆடத் தொடங்கினாள். மூத்தவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா விட்டுக் குடுத்தவ" என்றாள். அப்படி எங்கேயும் எழுதியில்லை என்றேன். "அக்காமார் அதைச் சொல்லமாட்டினம் அப்பா."

அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் பதில் இருக்கவில்லை. ஆனால் நீதி வேண்டுமே. ஆகவே வீனஸ், செரீனா கதையையும் சொன்னேன். அவர்கள் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஒருவரை ஒருவர் நான்கு முறை சந்தித்தார்கள். 2002, 2003, 2009 மூன்றிலும் தங்கச்சி செரீனா வென்றா. 2008இல் அக்கா வீனஸ் வென்றா. "ஒருக்காத்தானோ?" என்றாள் மூத்தவள். பிறகு, "அந்த வருசம் அவ விட்டுக் குடுக்கேல்லை."

இந்தச் சண்டை ரெய்ன்ஸ் பார்க் வரை நடந்தது. விட்டுக் கொடுத்தல், வெல்லுதல், தோற்றல், கள்ள ஆட்டம், 'நீதி', 'அநீதி' எல்லாம் வந்தது. அன்று காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் 'எதிர்ச்சொல் எழுதுக' என்று ஒரு பக்கம் நிரப்பியிருந்தார்கள். வெற்றி எதிர்ச்சொல் தோல்வி. அந்தப் பக்கத்தில் அது ஒரு விடை. வோர்ப்பிள் ரோட்டில் அது அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இருக்கிற விஷயம். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. அங்கே எழுத்து கிடைக்கிறது, சொல் கிடைக்கிறது, இன்னும் முப்பது தமிழ்ப் பிள்ளைகளின் முகம் கிடைக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துச் சண்டை பிடிக்க ஒரு விஷயமும் ஒரு மணித்தியாலமும் வேண்டும். அதை நாங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ரெய்ன்ஸ் பார்க்

ரெய்ன்ஸ் பார்க்கில் பஸ் நிற்கும். சும்மா நிற்கும். நேரம் சரிப்படுத்துவதற்காக நிற்கிறோம் என்று அந்தக் குரல் சொல்லும். முன்னால் கார்கள் வரிசை. "பஸ் எல்லாம் லைன்ல நித்திரை கொள்ளுது" என்பாள் இளையவள். இந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வரும்.

2021 மார்ச் 21ஆம் திகதி குடிசனக் கணக்கெடுப்பு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வீட்டில் உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் 'பிரதான மொழி என்ன' என்று ஒரு கேள்வி. ஒரு ஆளுக்கு ஒரு மொழிதான். 2011இல் அந்தக் கேள்வியை முதல்முதல் கேட்டபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழ் என்று எழுதினவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். என் அப்பா அம்மா அந்த லட்சத்தில் இரண்டு பேர். 2021இல் மூத்தவளுக்கு நாலு வயது. மனுசியும் நானும் குசினி மேசையில் இருந்து கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு ஆங்கிலம் என்றுதான் எழுதினோம். அதுதான் உண்மை. அவள் கனவில் கதைப்பதும் ஆங்கிலம்தான். பக்கத்து அறையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஆனால் பிரதான மொழி என்ற பெட்டிக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. அம்மம்மாவோடு சண்டை பிடிக்கிற மொழி, பிள்ளையாருக்குக் குட்டுகிற மொழி, அப்பாவிடம் மட்டும் கேட்கிற மொழி. பிரதானமாக இல்லாவிட்டாலும் அது இருக்கட்டும் என்றுதான் நானும் உங்களில் பல பேரும் சனிக்கிழமை காலையில் நித்திரைப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு ஓடுகிறோம்.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் இப்போது போட்டி. மூத்தவள் நாலாம் வகுப்பு. நொன்சச், டிஃபின் என்று தாய்மாரின் வட்ஸ்அப் குழு காலையில் எழும்பி டிஃபினோடுதான் இரவு படுக்கிறது. ஒரு ரியூஷன் இடத்தில் இருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஒரே ஒரு இடம் காலி, இன்றைக்கே சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஒரு மணிக்கு நாங்கள் கொலியர்ஸ் வூட்டில் நிற்போம்.

படிக்க வேண்டாம் என்று சொல்கிற தமிழ் அப்பா இன்னும் பிறக்கவில்லை. நானும் அவர் இல்லை. இரண்டு இரவு கதைத்தோம். நாலாம், ஐந்தாம் வகுப்பில்தான் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒவ்வொருவராகக் காணாமல் போவதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். முதலில் பின்னேரம் போகும். பிறகு வீட்டுப்பாடம் கூட என்று காலையும் போகும். போன சனிக்கிழமை திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. மாமியிடம் கேட்டோம். மாமி ஆசிரியையாக இருந்தவ, பரீட்சை என்றால் விட்டுக்கொடுக்கமாட்டா. "படிக்கத்தான் வேணும்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "கிழமையில ஏழு நாள் கிடக்குத்தானே தம்பி" என்றா.

வேறு இடத்தில் புதன்கிழமை பின்னேரம் கிடைத்தது. மூத்தவளுக்கும் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தச் சனிக்கிழமை மட்டும் இடப்பக்க சீட் கடைசி வரை அவளுக்கு. லிலியனுக்குக் கிடைக்காத நீதி அது என்றாள்.

நோர்பிட்டன், கிங்ஸ்டன்

ரெய்ன்ஸ் பார்க் தாண்டி, கூம்ப் லேன் வழியே பெரிய வீடுகளையும் உயரமான மரங்களையும் பார்த்துக்கொண்டு போனால் நோர்பிட்டன். அங்கே இறங்கினால் மாமி வீடு. நேரம் இருந்தால் கடைசித் தரிப்பு, கிங்ஸ்டன் வரை போய்விட்டு நடந்து திரும்புவோம். மாமிக்கு "பஸ் லேட்" என்று சொல்லியிருப்போம். இதை வாசிக்கமாட்டா என்று நம்புகிறேன்.

கிங்ஸ்டனில் டிஃபின் பள்ளிக்கூடங்கள் இரண்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மாமி வீட்டு அலுமாரியில் ஊரில் இருந்து வந்த நாலு தட்டு டிபன் கரியர் ஒன்று இருக்கிறது. ஆகவே இளையவள் கேட்டது நியாயம். "அந்தப் பள்ளிக்கூடமும் ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கியிருக்குமோ? கீழ் வகுப்பில குழம்போ?" அந்தப் பெயருக்கும் எங்கள் டிபனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் பியர் காய்ச்சிப் பணக்காரரான தோமஸ் டிஃபின், ஜோன் டிஃபின் என்ற சகோதரர்கள், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று உயிலில் காசு எழுதி வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இது. சாராய வியாபாரியின் காசில் வந்த பள்ளிக்கூடத்துக்கா இவ்வளவு அந்தரப்படுகிறீர்கள் என்று மாமியைச் சீண்ட எனக்கு ஆசை. இன்னும் துணிவு வரவில்லை.

ஊரின் பெயருக்கு அரசரின் கல் என்று அர்த்தம் இல்லை, அரசரின் பண்ணை என்றுதான். ஆனால் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் உண்மையிலேயே இருக்கிறது. 925இல் அதெல்ஸ்டன் அரசர் முடிசூடியது இந்த ஊரில். பழைய சாக்ஸன் அரசர்கள் ஏழு பேர் அந்தக் கல்லில் இருந்துதான் முடிசூடினார்கள் என்று நம்பிக்கை. சுற்றி வேலி. ஏறி இருக்க முடியாது. இரண்டு பேரும் முயற்சி செய்து பார்த்துவிட்டார்கள்.

பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது பழைய லண்டன் ரோட்டில். அங்கே 12 சிவப்பு டெலிபோன் பெட்டிகள் ஒன்றில் ஒன்று சாய்ந்து, டொமினோ கட்டை மாதிரி விழுந்துகொண்டு நிற்கின்றன. டேவிட் மாக் என்ற சிற்பி 1989இல் செய்தது. "இதுக்குள்ள ஆர் இருந்தவை?" என்று இளையவள் கேட்டாள். அவள் அதை வீடு என்று நினைத்துவிட்டாள். போன் வீட்டுக்குள் இருக்காத காலத்தில் ரோட்டில் வந்து பேசுகிற பெட்டி என்றேன்.

"ஆரோட?"

இந்த நகரத்துக்கு முதலில் வந்த எங்கள் ஆட்கள், அறைக்கு நாலு பேராக இருந்த இளந்தாரிகள், இப்படியான பெட்டிகளுக்குள் நின்று சில்லறையை அடுக்கி வைத்துக்கொண்டு கதைத்தார்கள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லை. அங்கே இருக்கிற தாய் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வந்து சேர வேண்டும். காசு முடிய முதல் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கிறன், சாப்பிட்டனான், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று மூன்று சொல். அந்த மூன்றும் தமிழில்தான் போனது, வேறு எதிலும் போயிருக்காது. இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "தங்கட அம்மாமாரோட" என்று மட்டும் சொன்னேன். இளையவள் சாய்ந்த பெட்டி ஒன்றின் கண்ணாடியில் வாயை வைத்து, "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்றாள். தாய் அந்த நேரம் வேலையில்.

போகிறவர்களுக்கு

டூட்டிங் பிரோட்வேயில் ஏறுங்கள். ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் டென்னிஸ் நடக்கிற இரண்டு கிழமை வேண்டாம், விம்பிள்டனில் பஸ் நகராது. இடையில் இறங்க ஆசையென்றால் மேர்ட்டனில் இறங்குங்கள். ஆற்றங்கரையில் பழைய துணிப் பட்டறைக் கட்டடங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் தாராவுக்குக் கத்திக்கொண்டு ஓட இடமும் இருக்கிறது. டெலிபோன் பெட்டி, முடிசூட்டுக் கல், ஆறு, எதற்கும் கட்டணம் இல்லை. விம்பிள்டனில் ஆசனம் மாறுவதை ஏறுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத சொல்லுக்கு ஒரு மாமியின் நம்பர் கையில் இருக்கட்டும்.

11 வயது வந்தால் பிள்ளைக்குப் படம் போட்ட கார்ட் எடுக்க வேண்டும். அப்போதும் பஸ் சும்மாதான். ஆனால் அந்தக் கார்ட் வந்த பிறகு அப்பா பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது. மூத்தவளுக்கு அதற்கு இன்னும் இரண்டு வருடம். சனிக்கிழமைக் கணக்கில் 104. அதில் காய்ச்சல், பிறந்தநாள் பார்ட்டி, கலியாண வீடு எல்லாம் கழித்தால் எழுபது தேறும் என்று வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. முருங்கைக்காய் வாங்கினால் படி ஏறும்போது நுனியைக் கீழே பார்க்கப் பிடியுங்கள்.